சேவகனுமல்லன், சுயாதீனனுமல்லன்: பி.பி.சி.யை உருவாக்கிய ஜோன் ரீத்தின் கதை

ஒருவர் காலையில் எந்தப் பத்திரிகையைக் கையில் எடுக்கிறார் என்பதைக் கொண்டு அவர் எந்தப் பக்கத்தவர் என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. பேருந்திலும் தேநீர்க் கடையிலும் அலுவலக மேசையிலும் மடித்து வைக்கப்பட்ட ஒரு பத்திரிகை அதன் உரிமையாளரின் அரசியலுக்குச் சாட்சியாகக் கொள்ளப்படுகிறது. இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான பி.பி.சி. தனது ஊழியர்களுக்காக எந்தெந்தப் பத்திரிகைகளை எத்தனை பிரதிகள் வாங்குகிறது என்பதையும் அந்நாட்டில் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2005 ஆம் ஆண்டு ஜனவரியில் தகவலறியும் உரிமைச் சட்டம் அங்கு முழுமையாக நடைமுறைக்கு வந்த பின்னர் இத்தகைய கணக்குகள் வெளியாகின. இடதுசாரிச் சார்புடையதெனக் கருதப்படும் கார்டியன் பத்திரிகையை, அதன் நாடளாவிய விற்பனைக்குப் பொருந்தாத பெருந்தொகையில் பி.பி.சி. வாங்குகிறது என்பதே விமர்சகர்களின் குற்றச்சாட்டு. வாங்கும் பத்திரிகையே வாயிலிருந்து வெளிவரும் செய்தியையும் தீர்மானிக்கிறது என்று அவர்கள் வாதிட்டனர்.

ஆனால், பி.பி.சி. எந்தப் பக்கம் நிற்கிறது என்ற கேள்வி கார்டியன் பிரதிகளை எண்ணத் தொடங்கிய நாளில் பிறந்ததன்று. அந்த நிறுவனத்துக்கு நான்கு வயதுகூட நிரம்பாத நிலையிலேயே அக்கேள்வி எழுந்துவிட்டது. அதற்கு முதன்முதலில் பதில் சொல்ல நேர்ந்தவர் ஜோன் சார்ள்ஸ் வோல்ஷம் ரீத். பொது ஒலிபரப்பு என்றால் என்னவென்று உலகம் இன்று விளங்கிக்கொண்டிருப்பதற்கு எவரையும்விட அதிகமாகக் காரணமானவர் அவர். அவ்வகை ஒலிபரப்பின் பெருமைகள் மட்டுமன்றி, அதன் ஊனங்களும் அவரிடமிருந்தே தொடங்குகின்றன.

போதகர் வீட்டுப் பிள்ளை

ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஸ்டோன்ஹேவன் என்ற சிற்றூரில் 1889 ஜூலை 20 ஆம் திகதி ரீத் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ரீத் கிளாஸ்கோ நகரில் மதிப்புமிக்க கிறிஸ்தவப் போதகர். ஏழு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை ஜோன். மூத்தவர்களுக்கும் இவருக்குமிடையே வயது வேறுபாடு அதிகம் என்பதால் தனிமையிலேயே வளர்ந்தார். ஞாயிற்றுக்கிழமையை இறைவனுக்குரிய நாளாகக் கண்டிப்புடன் அனுட்டித்த வீடு அது. இறைவன் தன்னை ஏதோ ஒரு பெரும் பணிக்காகவே படைத்திருக்கிறான் என்ற நம்பிக்கை சிறு வயதிலேயே அவருள் வேரூன்றியது. அந்தப் பணி எதுவென்று தெரியாத தவிப்பும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது.

பல்கலைக்கழகம் செல்ல அவருக்கு விருப்பம் இருந்தது. தந்தையோ மகனைக் கிளாஸ்கோவின் புகையிரத எஞ்சின் தொழிற்சாலையொன்றில் பயிற்சிக்கு அனுப்பினார். கரியும் எண்ணெயும் படிந்த உடையுடன் அதிகாலையில் வேலைக்குச் சென்ற அந்த ஆண்டுகளை ரீத் கடைசிவரை மனக்கசப்புடனேயே நினைவுகூர்ந்தார். ஆறடி ஆறங்குல உயரமும் இறுகிய முகமும் கொண்ட அவரை எந்தக் கூட்டத்திலும் எவரும் காணத் தவறுவதில்லை.

முதலாம் உலகப் போர் மூண்டபோது பிரான்சின் போர்முனைக்குச் சென்றார். 1915 ஒக்டோபரில் மறைந்திருந்து சுட்ட எதிரியின் குண்டு அவரது இடது கன்னத்தைக் கிழித்துச் சென்றது. அந்தத் தழும்பு வாழ்நாள் முழுவதும் அவரது முகத்தில் நிலைத்திருந்தது. காயம் ஆறியபின் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, பிரித்தானியப் படைகளுக்காக அங்கு தயாரிக்கப்பட்ட துப்பாக்கிகளைப் பரிசோதிக்கும் பொறுப்பை ஏற்றார். போர் முடிந்து திரும்பியதும் ஸ்கொட்லாந்தில் ஒரு தொழிற்சாலையின் முகாமையாளரானார். 1921 இல் மியூரியல் ஓடம்ஸ் என்பவரை மணந்தார். ஓடம்ஸ் அச்சக, வெளியீட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர்.

ஒரு விளம்பரம்

1922 ஆம் ஆண்டு ரீத் வேலையின்றி லண்டனுக்கு வந்தார். அவ்வாண்டுப் பொதுத்தேர்தல் காலத்தில் கொன்சர்வேட்டிவ் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலருக்குச் செயலாளராகப் பணியாற்றினார். அவ்வேளை கொன்சர்வேட்டிவ் சார்புடைய மோர்னிங் போஸ்ட் பத்திரிகையில் வெளியான ஒரு வேலைவாய்ப்பு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. புதிதாக அமைக்கப்பட்ட பிரித்தானிய ஒலிபரப்புக் கம்பனிக்கு ஒரு பொது முகாமையாளர் தேவை என்றது அந்த விளம்பரம்.

ஒலிபரப்பு என்றால் என்னவென்று அப்போது தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்று ரீத் பின்னாளில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். விண்ணப்பத்தை எழுதித் தமது கழகத்தின் தபால் பெட்டியில் இட்டபின்னரே, தெரிவுக் குழுவுக்குத் தலைமை வகிப்பவர் யார் என்று விசாரித்தார். அவர் அபர்டீன் பகுதியைச் சேர்ந்தவர் என அறிந்ததும் கடிதத்தைத் திரும்பப் பெற்று, தமது முன்னோரும் அப்பகுதியினரே என்ற வரியைச் சேர்த்து மீண்டும் அனுப்பினார். 1922 டிசெம்பர் நடுப்பகுதியில் நேர்முகத் தேர்வு நடந்தது. ஆண்டு முடியுமுன் அவர் பதவியேற்றார். அன்று அந்த நிறுவனத்தின் ஊழியர்களை ஒரு கை விரல்களாலேயே எண்ணிவிடலாம்.

அக்கம்பனி மக்களுக்கு அறிவூட்டுவதற்காகத் தொடங்கப்பட்டதன்று. வானொலிப் பெட்டிகளைத் தயாரித்த நிறுவனங்கள் தமது பெட்டிகளை விற்பதற்காகக் கூட்டாக அமைத்ததே அது. பெட்டியை வாங்குபவர்கள் கேட்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்; அதற்காகவே நிகழ்ச்சிகள். வானொலி வைத்திருப்போர் ஆண்டுக்கு 10 ஷில்லிங் அனுமதிப்பத்திரக் கட்டணம் செலுத்தினர். வணிகர்களின் இந்தக் கருவியை ஒரு தேசிய நிறுவனமாக மாற்றியதே ரீத்தின் சாதனை. அறிவூட்டல், கல்வி, களிப்பூட்டல் ஆகிய மூன்றும் ஒலிபரப்பின் கடமைகள் என்றும், மக்கள் விரும்புவதைத் தருவதைவிட அவர்களுக்கு உகந்ததைத் தருவதே தலையாயது என்றும் அவர் உறுதியாக நம்பினார். எது உகந்தது என்பதைத் தீர்மானிக்கும் தகுதி தமக்கு உண்டு என்பதில் அவருக்கு ஒருபோதும் ஐயம் ஏற்பட்டதில்லை.

பத்திரிகைகளின் பகை

புதிய ஊடகத்தின் முதல் எதிரிகள் அரசியல்வாதிகளல்லர், பத்திரிகை உரிமையாளர்களே. மாலையில் செய்தியை வானொலியில் கேட்டுவிட்டால் மறுநாட்காலையில் எவர் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குவர் என்ற அச்சம் அவர்களை ஆட்கொண்டது. அவர்களது அழுத்தத்தின் விளைவாக, மாலை 7 மணிக்கு முன்னர் செய்தி எதையும் ஒலிபரப்பக் கூடாது என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. செய்தி திரட்டும் உரிமையும் பி.பி.சி.க்கு இருக்கவில்லை. செய்தி முகவர் நிலையங்கள் தயாரித்துக் கொடுத்ததை வாசிக்க மட்டுமே அனுமதி இருந்தது.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. நாளாந்த வானொலி நிகழ்ச்சி நிரலை வெளியிடுவதற்கும் விளம்பரக் கட்டணம் வேண்டும் என 1923 இன் தொடக்கத்தில் பத்திரிகை வெளியீட்டாளர் சங்கம் கேட்டது. ரீத் பணம் கொடுக்க மறுத்தார். அப்போது லண்டனின் பெரும் வணிக நிலையத்தின் அதிபரான கோர்டன் செல்பிரிட்ஜ், மாலைப் பத்திரிகையொன்றில் தாம் விலைக்கு வாங்கிய விளம்பர இடத்தில் அந்த நிரலை அச்சிடச் செய்தார். அந்தப் பத்திரிகையின் விற்பனை உயர்ந்தது. நிகழ்ச்சி நிரலுக்காகவே மக்கள் பத்திரிகை வாங்குகிறார்கள் என்ற உண்மை ஏனையோருக்கும் உறைக்கவே சங்கம் பணிந்தது.

ஆனால், இந்தச் சம்பவம் ரீத்தின் மனதில் வேறொரு விதையை ஊன்றிவிட்டது. அந்த நிரலைத் தாமே ஏன் அச்சிட்டு விற்கக் கூடாது என்று அவர் எண்ணினார். 1923 செப்டெம்பர் 28 ஆம் திகதி இரண்டு பென்ஸ் விலையில் ரேடியோ டைம்ஸ் என்ற வார இதழ் வெளிவந்தது. அடுத்த பத்தாண்டு காலத்தில் அது நாட்டில் மிக அதிகமாக விற்பனையாகும் வார இதழ்களுள் ஒன்றானது. பத்திரிகைகளை அழித்துவிடும் என்று அஞ்சப்பட்ட நிறுவனமே வெற்றிகரமான ஒரு வெளியீட்டாளராக மாறியது. பத்திரிகைகளும் அழிந்துவிடவில்லை. மாறாக, அடுத்த தசாப்தத்தில் பிரித்தானியரின் பத்திரிகை வாசிப்பு முன்னெப்போதும் இல்லாத உயரத்தை எட்டியது. சந்தாதாரர்களுக்குக் கலைக்களஞ்சியங்களையும் நாவல் தொகுதிகளையும் அள்ளி வழங்கிய போட்டியின் நடுவே, தொழிற்கட்சியை ஆதரித்த டெய்லி ஹெரால்ட் 1933 இல் 20 இலட்சம் பிரதிகளை எட்டியது. அந்தப் பத்திரிகையை அப்போது வெளியிட்டு வந்தது ரீத்தின் துணைவியாரது குடும்பப் பெயரைத் தாங்கிய ஓடம்ஸ் நிறுவனமே. கொன்சர்வேட்டிவ் பத்திரிகையின் வாயிலாக வேலை பெற்றவரை, தொழிற்கட்சிப் பத்திரிகையை அச்சிடும் பெயருடைய குடும்பத்தின் மருமகனை, பத்திரிகையைக் கொண்டு எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? கையிலுள்ள பத்திரிகை ஒருவரது அரசியலைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு ரீத்தின் வாழ்க்கையே ஓர் உதாரணம்.

ஒன்பது நாட்கள்

1926 மே மாதம் சுரங்கத் தொழிலாளரின் சம்பளக் குறைப்பை எதிர்த்துப் பிரித்தானியத் தொழிற்சங்க காங்கிரஸ் பொதுவேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. அச்சுத் தொழிலாளரும் அதில் இணைந்துகொண்டமையால் பெரும்பாலான பத்திரிகைகள் முடங்கின. அரசாங்கத்தின் குரலாகப் பிரிட்டிஷ் கசெற் என்ற பத்திரிகை நிதியமைச்சர் வின்ஸ்டன் சேர்ச்சிலின் பொறுப்பில் வெளிவந்தது. தொழிற்சங்கங்களின் குரலாகப் பிரிட்டிஷ் வேர்க்கர் வெளிவந்தது. இரண்டையும் எவரும் நடுநிலையானவையாகக் கருதவில்லை. நாட்டில் என்ன நடக்கிறது என்று அறிய மக்கள் வானொலியை நாடினர். மாலை 7 மணிக் கட்டுப்பாடு ஒரே நாளில் காற்றில் பறந்தது. காலை தொடக்கம் இரவு வரை நாளொன்றுக்கு ஐந்து செய்தியறிக்கைகள் ஒலிபரப்பாகின.

பி.பி.சி.யை அரசாங்கம் நேரடியாகக் கையகப்படுத்தித் தனது பிரசாரக் கருவியாகப் பயன்படுத்த வேண்டும் என்று சேர்ச்சில் அமைச்சரவையில் வற்புறுத்தினார். சட்டப்படி அதற்கான அதிகாரமும் அரசாங்கத்திடம் இருந்தது. 36 வயதேயான ரீத் அதனை உறுதியுடன் எதிர்த்தார். கையகப்படுத்தப்பட்ட வானொலியை எவரும் நம்பமாட்டார்கள், நம்பப்படாத வானொலியால் அரசாங்கத்துக்குப் பயனில்லை என்பது அவரது வாதம். பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் அந்த வாதத்தின் பக்கமே சாய்ந்தார். பி.பி.சி. கையகப்படுத்தப்படவில்லை.

பொது ஒலிபரப்பின் வரலாற்றைப் பெருமையுடன் எழுதுவோர் பெரும்பாலும் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். ஆனால், கதையின் மறுபாதி அதன் பின்னரே தொடங்குகிறது. வேலைநிறுத்தம் செய்தோரின் அறிக்கைகள் செய்தியில் இடம்பெற்றன என்பது உண்மையே. எனினும் எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்ட் வானொலியில் பேசக் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. இரு தரப்பினரும் விட்டுக்கொடுத்துச் சமரசத்துக்கு வரவேண்டும் என்ற கன்டர்பரி பேராயரின் வேண்டுகோளை ஒலிபரப்புவதும் ஆரம்பத்தில் தடுக்கப்பட்டு, வேலைநிறுத்தம் முடியும் தறுவாயிலேயே இடம்பெற்றது. பிரதமர் பால்ட்வினோ நாட்டு மக்களுக்கான தமது உரையை ரீத்தின் இல்லத்திலிருந்தே நிகழ்த்தினார். அந்த உரையைச் செப்பனிடுவதிலும் ரீத் கைகொடுத்தார். மே 12 ஆம் திகதி வேலைநிறுத்தம் முடிவுற்ற செய்தியை வானொலியில் வாசித்தவரும் ரீத்தே. அதன் முடிவில் தேசபக்திப் பாடலொன்று ஒலித்தது. தோற்றுப்போன தொழிலாளரின் வீடுகளில் அந்தப் பாடல் எவ்வாறு கேட்டிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பி.பி.சி. மக்களுக்குரியது, அரசாங்கமும் மக்களால் தெரிவானது, ஆகவே நெருக்கடியில் பி.பி.சி. அரசாங்கத்தின் பக்கம் நிற்பதே முறை என்று அந்நாட்களில் ரீத் தர்க்கித்தார். சேர்ச்சிலிடமிருந்து நிறுவனத்தைக் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை என்பது அவரது நியாயம். பறிக்கப்படாமல் இருப்பதற்காகத் தானாகவே விட்டுக்கொடுத்த சுதந்திரம் எத்தகைய சுதந்திரம் என்ற கேள்வியை அந்த நியாயம் தொடவில்லை. தொழிற்சங்கத்தினர் பி.பி.சி.யைப் பொய்மைக் கம்பனி என்று எள்ளினர். தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சன் அதன் பக்கச்சார்பைக் கண்டித்து ரேடியோ டைம்ஸ் இதழுக்கே எழுதினார். இன்று வலதுசாரிகள் தொடுக்கும் குற்றச்சாட்டை அன்று தொடுத்தவர்கள் இடதுசாரிகள்.

இரு பக்கத்து அடிகள்

1927 ஜனவரி முதலாம் திகதி பிரித்தானிய ஒலிபரப்புக் கம்பனி, அரச சாசனத்தின் கீழ் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. ரீத் அதன் முதலாவது பணிப்பாளர் நாயகமானார். அவ்வாண்டே அவருக்கு சேர் பட்டமும் வழங்கப்பட்டது. சர்ச்சைக்குரிய விடயங்களை ஒலிபரப்பக் கூடாது என்றிருந்த தடை 1928 இல் நீக்கப்பட்டது. நடப்பு விவகாரங்களில் நிறுவனம் சொந்தக் கருத்துக் கூறக் கூடாது என்ற விதி மட்டும் நிலைத்தது.

அதன்பின் அடிகள் மறுபக்கத்திலிருந்து விழத் தொடங்கின. ஹில்டா மதிசன் என்ற திறமைமிக்க பெண்மணியின் தலைமையில் இயங்கிய பேச்சுகள் பிரிவு, எழுத்தாளர்களையும் சிந்தனையாளர்களையும் ஒலிவாங்கியின் முன் அமர்த்தியது. அது இடதுசாரிகளின் கூடாரம் என்று கொன்சர்வேட்டிவ் கட்சியினரும் அவர்களது பத்திரிகைகளும் முறையிட்டனர். நவீன இலக்கியம் பற்றிய உரைகள் தொடர்பில் ரீத்துடன் ஏற்பட்ட முரண்பாட்டையடுத்து மதிசன் 1931 இல் விலகினார். 1933 ஒக்டோபரில் ஜேர்மனி சர்வதேச சங்கத்திலிருந்து வெளியேறியதைப் பற்றி வேர்னன் பார்ட்லெட் ஆற்றிய உரை ஹிட்லருக்கு அனுதாபம் காட்டுவதாகக் கருதப்பட்டுப் புயலைக் கிளப்பியது. அவர் பி.பி.சி.யை விட்டுப் பத்திரிகையொன்றில் சேர்ந்தார். 1934 மார்ச்சில் வில்லியம் பெரி என்ற தொழிலாளி, தமது உரை தணிக்கை செய்யப்பட்டுவிட்டதாக ஒலிவாங்கியில் அறிவித்துவிட்டு, அதனை வாசிக்க மறுத்து எழுந்து சென்றார். அவருக்கு ஒதுக்கப்பட்ட மீதி நேரம் மௌனமாகக் கழிந்தது. இந்தியாவுக்கு சுயாட்சி வழங்கும் கொள்கையை எதிர்த்துப் பேசத் தமக்கு இடமளிக்கப்படவில்லை என்று சேர்ச்சிலும் மனம் புழுங்கினார்.

எல்லாப் பக்கத்தினரும் குறை கூறுவதே நடுநிலைக்குச் சான்று என்று ஊடகத்துறையினர் சொல்லிக்கொள்வதுண்டு. அது வசதியான சமாதானமேயன்றி, முழு உண்மையன்று. விமர்சனங்களுக்குப் பதிலாக ரீத் செய்தவற்றைப் பார்த்தால் அது விளங்கும். பேச்சுகள் பிரிவு பிரித்தமைக்கப்பட்டது. ஆப்கானிஸ்தானில் பிரித்தானியத் தூதுவராக இருந்த சேர் ரிச்சர்ட் மகோனச்சி அதன் பொறுப்பாளரானார். ஊழியர்களின் அரசியல் பின்னணியை உளவுத்துறை மூலம் இரகசியமாகப் பரிசீலிக்கும் ஏற்பாடும் 1930 களில் உருவானது. கேட்டால் மறுக்கப்பட்டுவந்த இந்த ஏற்பாட்டை 1985 ஓகஸ்ட்டில் ஒப்சேர்வர் பத்திரிகை அம்பலப்படுத்தியது. ஊழியர்களின் மேசையில் எந்தப் பத்திரிகை கிடக்கிறது என்று வெளியார் எண்ணுவதற்குப் பல தசாப்தங்கள் முன்னரே, அவர்களின் மனதில் என்ன கிடக்கிறது என்று நிறுவனமே எண்ணிக்கொண்டிருந்தது.

நிறுவனத்தினுள்ளும் அவரது ஆட்சி கண்டிப்பானது. திறமைமிக்க தலைமைப் பொறியியலாளரான பீற்றர் எக்கர்ஸ்லி, மணமுறிவு விவகாரம் காரணமாக 1929 இல் விலக நேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடும் கனமான இசையும் உரைகளுமே இடம்பெற்றன. விளைவாக, 1933 முதல் ரேடியோ லக்சம்பேர்க் அளித்த மெல்லிசைக்கும் கேளிக்கைக்கும் நேயர்கள் ஞாயிறுதோறும் தாவினர். உகந்தது எது என்று ஒருவரே தீர்மானிக்கும் இடத்தில், மக்கள் தங்கள் தீர்ப்பை வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி வழங்கிவிடுகிறார்கள்.

பேரரசின் குரலும் நமது செவிகளும்

1932 டிசெம்பர் 19 ஆம் திகதி பேரரசுச் சேவை தொடங்கியது. அடுத்த சில நாட்களில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் நத்தார் செய்தி கடல்கடந்த நாடுகளுக்கும் ஒலித்தது. 1938 ஜனவரியில் அரபு மொழிச் சேவை ஆரம்பமானது. ரீத் பதவி விலகிய பின்னர், போர்க்காலமான 1941 மே மாதத்தில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. அச்சேவைக்குத் தமிழோசை என்ற பெயரைச் சூட்டியவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம் ஆவார்.

ரீத் உருவாக்கிய நிறுவனத்துடன் நமது மக்களுக்குள்ள உறவு அந்தப் பெயரில்தான் ஊன்றி நின்றது. மின்சாரமும் பற்றரிகளும் அற்றுப்போன 1990 களின் வடபகுதியில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி அந்த மின்சாரத்தில் இரவுச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. ஒருவர் மிதிக்க, சுற்றியிருந்தவர்கள் காதைக் கூர்மையாக்கினர். அந்தச் செய்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்ற விவாதம் வானொலி அணைந்த பின்னும் முற்றத்தில் தொடர்ந்தது. நம்பிக்கையும் சந்தேகமும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்து கேட்ட காலம் அது. 2009 பெப்ரவரியில், தனது தமிழ், சிங்கள நிகழ்ச்சிகளை மறுஒலிபரப்புச் செய்வதில் தலையீடு இருப்பதாகக் கூறி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு அவற்றை வழங்குவதை பி.பி.சி. இடைநிறுத்தியது. சிற்றலையில் ஒலித்துவந்த தமிழோசை வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30 ஆம் திகதியுடன் நிறைவுற்றது.

வெறுமையின் ஆண்டுகள்

1938 ஜூன் மாத இறுதியில் ரீத் பி.பி.சி.யை விட்டு விலகினார். இம்பீரியல் எயார்வேஸ் விமான நிறுவனத்தின் தலைமைப் பதவிக்கு அவரை அரசாங்கம் அழைத்திருந்தது. கடைசி இரவில் அவர் விருந்து எதிலும் கலந்துகொள்ளவில்லை. ட்ரொய்ட்விச் ஒலிபரப்பு நிலையத்துக்குச் சென்று அன்றைய ஒலிபரப்பு முடிந்ததும் இயந்திரங்களைத் தம் கையாலேயே நிறுத்தினார். பார்வையாளர் புத்தகத்தில் தம்மை பி.பி.சி.யின் முன்னாள் ஊழியராகக் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டுவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 48. அவரது வாழ்க்கையின் உச்சம் முடிந்துவிட்டது என்பதை அவர் நெடுநாள் ஏற்றுக்கொள்ளவில்லை.

1940 இல் தகவல் அமைச்சரானார். சில மாதங்களில் சேர்ச்சில் பிரதமராகியதும் போக்குவரத்துக்கும் பின்னர் பொதுவேலைகளுக்கும் மாற்றப்பட்டு, 1942 பெப்ரவரியில் அமைச்சரவையிலிருந்தே நீக்கப்பட்டார். இதற்கிடையில் பிரபுப் பட்டம் கிடைத்திருந்தது. போருக்குப் பின் புதிய நகரங்களை அமைக்கும் குழுவுக்கும், 1950 தொடக்கம் 1959 வரை குடியேற்ற நாடுகளின் அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கும் தலைமை வகித்தார். எவரும் குறைத்து மதிப்பிட முடியாத பணிகள் அவை. அவருக்கோ அவை எதுவும் போதவில்லை. இந்தியாவின் அரசப் பிரதிநிதியாகவோ போர்க்காலத்தின் பெருந்தலைவராகவோ ஆகியிருக்க வேண்டியவர் தாம் என்ற ஏக்கம் அவரை அரித்தது. வணிகத் தொலைக்காட்சியை அனுமதிக்கும் யோசனை 1952 இல் பிரபுக்கள் சபைக்கு வந்தபோது, நாட்டுக்குள் கொள்ளை நோயைக் கொண்டுவருவதற்கு ஒப்பானது என்று சாடினார். யோசனை சட்டமானது.

1971 ஜூன் 16 ஆம் திகதி எடின்பரோவில் 81 ஆவது வயதில் ரீத் காலமானார். அவரது நாட்குறிப்புகள் 1975 இல் நூலாகியபோது பலர் அதிர்ந்தனர். சேர்ச்சில் மீதான தீராத வெறுப்பும், 1930 களில் ஹிட்லரின் செயற்றிறன் மீதிருந்த வியப்பும் அப்பக்கங்களில் கிடந்தன. பக்கச்சார்பின்மையின் தந்தை எனப் போற்றப்பட்டவரின் உள்ளத்தில் இத்தனை சார்புகள் இருந்துள்ளன. தந்தையின் கடுமையையும் தனிமையையும் அவரது மகள் மரிஸ்டா லீஷ்மன் பின்னர் ஒரு நூலில் பதிவுசெய்தார்.

எண்ணிக்கைக்கு அப்பால்

இங்கேதான் பத்திரிகைக் கணக்குக்கு நாம் திரும்ப வேண்டியுள்ளது. சொந்த மனதில் கடும் சார்புகளைச் சுமந்த ஒருவர், கையகப்படுத்தப்படாத ஒரு நிறுவனத்தைக் கட்டியெழுப்ப முடிந்தது. தம்மை நடுநிலையாளர் என்று நேர்மையாகவே நம்பிய அதே மனிதர், தேசிய நெருக்கடியில் எதிர்க்கட்சித் தலைவருக்கு ஒலிவாங்கியை மறுக்கவும் முடிந்தது. ஆகவே ஊழியர் எந்தப் பத்திரிகையை வாசிக்கிறார் என்பது பெரிய கேள்வியன்று. செய்தியாளன் எல்லாப் பத்திரிகைகளையும் வாசிக்க வேண்டியவன். தனக்கு உடன்பாடற்றதை அதிகம் வாசிப்பவனே நல்ல செய்தியாளன். யார் பேச அனுமதிக்கப்பட்டார், யாருக்கு மறுக்கப்பட்டது, அந்த முடிவை எடுத்தவர் எவருக்குப் பயந்தார் என்பவையே உண்மையான கேள்விகள்.

எனினும், பிரதிகளை எண்ணுவோரை எள்ளி நகையாடுவதும் தவறு. பத்திரிகை பிடிக்காவிட்டால் வாசகன் அடுத்த நாள் வேறொன்றை வாங்கலாம். சட்டத்தின் பேரில் மக்களிடம் பணம் பெறும் ஒலிபரப்பு நிறுவனம் அந்த வாய்ப்பைத் தருவதில்லை. விலகிச் செல்ல முடியாதவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையாவது இருக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கவும், கேட்டால் பதில் பெறவும் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

லண்டனில் பி.பி.சி. தொடங்கி மூன்று ஆண்டுகளில், 1925 டிசெம்பரில், எட்வர்ட் ஹாப்பரின் முயற்சியால் கொழும்பிலும் ஒலிபரப்புத் தொடங்கியது. 1967 ஜனவரியில் நமது வானொலியும் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது. ஆட்சிகள் மாறும்போது அரச ஊடகங்களின் தலைமைகளும் தொனியும் சேர்ந்தே மாறுவதை இந்நாட்டு மக்கள் பல தசாப்தங்களாகக் கண்டுவந்துள்ளனர். 1926 இல் சேர்ச்சில் கேட்டு மறுக்கப்பட்டது இங்கே எவரும் கேட்காமலேயே வழங்கப்பட்டது. பெயரையும் அமைப்பையும் இரவல் வாங்குவது எளிது. ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே முடியாது என்று ஒருமுறையேனும் சொல்லும் துணிவை எந்தச் சட்டமும் தந்துவிடுவதில்லை. அந்தத் துணிவைப் பாதியளவு காட்டியதற்காக ரீத் நினைவுகூரப்படுகிறார். காட்டாமல் விட்ட மறுபாதிக்காகவும் அவர் நினைவுகூரப்பட வேண்டும்.